டெல்டாவில் வீட்டுக் கார் ஷெட்: குழி தோண்டலாமா, வேண்டாமா?

குறுவை:
நீடாமங்கலம் பக்கம் நான். வீட்டை ஒட்டி 14க்கு 22 அடி இடம் சும்மா கெடக்கு. 2012 ஸ்விஃப்ட் டீசல் ஒண்ணு, அப்பாவோட பழைய மாருதி 800 ஒண்ணு நிக்குது. ஆயில், பிரேக், சஸ்பென்ஷன், முடிஞ்சா கிளட்ச் வரைக்கும் நானே பார்த்துக்கணும்னு ஆசை. வண்டிக்கு அடியில நின்னு வேலை பார்க்க அஞ்சடிக்குக் குழி எடுத்துடலாம்ங்கிறார் கொத்தனார். மச்சான் காரை மேல தூக்கற லிஃப்ட் போடச் சொல்றார். வீட்டுல சிங்கிள் பேஸ் கரண்ட்தான், வயல் மோட்டாருக்கு மூணு பேஸ் இருக்கு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பழைய_பானா:
குழிதான் தம்பி, யோசிக்கவே வேண்டாம். பஸ் டிப்போவுல ஆரம்பிச்சு டிராக்டர் ஷெட் வரைக்கும் இந்த ஊர்ல குழியிலதான் வேலை நடந்துச்சு. வண்டி நாலு சக்கரத்துலயும் நிக்கும், மேல விழும்ங்கிற பயமே கிடையாது. ஜாக்கி போட்டு மல்லாக்கப் படுத்து, கண்ணுல துரு கொட்டக் கொட்ட சைலன்சர் போல்ட் கழட்டிப் பாருங்க, அப்பத் தெரியும் குழியோட அருமை. நாப்பது வயசுக்கு மேல இடுப்பு சும்மா விடாது.

கொள்ளிடக்கரை:
அண்ணே, உங்க அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனா நீடாமங்கலத்துல குழியா? மேட்டூர் திறந்து வாய்க்கால்ல தண்ணி ஓட ஆரம்பிச்சாலே அடிகுழாய்த் தண்ணி மேல வந்துடும். அதுக்கு மேல ஐப்பசி, கார்த்திகை மழை இருக்கு. அஞ்சடி ஆழத்துல தரை போட்டா அது வருஷத்துல பாதி நாள் தண்ணிக்குள்ளதான் இருக்கும்.

பழைய_பானா:
ஏன், தண்ணித் தொட்டி கட்டறதில்லையா டெல்டாவுல? கம்பி கட்டி, வாட்டர்ப்ரூஃப் கலந்து கான்கிரீட் போட்டா ஒரு சொட்டு வராது.

கொள்ளிடக்கரை:
தொட்டிக்குள்ள தண்ணி இருக்கும்ணே, அந்த எடையே அதை அழுத்திப் பிடிச்சுக்கும். உங்க குழி காலியா கெடக்கும். கணக்குப் போடுவோம். உள்ள 12க்கு 2½, ஆழம் 5. சுவரும் தரையும் ஆறு அங்குல கான்கிரீட். வெளி அளவு 13க்கு 3½க்கு 5½, அதாவது 250 கன அடி. தண்ணி தரை மட்டம் வரைக்கும் ஏறினா ஏழு டன் விசையில கீழேர்ந்து தூக்கும். அந்தக் கான்கிரீட்டோட எடையும் கிட்டத்தட்ட ஏழு டன்தான். சுத்தி இருக்கற தளத்தோட கம்பியைச் சேர்த்துக் கட்டி, அடித்தளத்தை வெளியே நீட்டினா நிக்கும், இல்லேங்கல. ஆனா உங்க கொத்தனார் சொன்னது அந்த வேலையா? ஒம்பது அங்குல செங்கல் சுவரும் ஒரு பூச்சும்தான் அவர் மனசுல இருக்கும். அது முதல் மழையிலயே கசியும்.

இன்னொண்ணு, இதைத்தான் யாரும் சொல்றதில்ல. குறுவை கேட்ட பட்டியலைப் பாருங்க. பிரேக், சஸ்பென்ஷன் ரெண்டுக்கும் சக்கரம் கழட்டணும். ஸ்விஃப்டும் 800உம் முன் சக்கர இழுவை வண்டி. கிளட்ச் மாத்தணும்னா சக்கரத்தைச் சுத்த வைக்கற டிரைவ் ஷாஃப்ட்டை உருவணும், அதுக்கும் முன் சக்கரம் அந்தரத்துல இருக்கணும். குழி மேல நிக்கற வண்டியை எப்படியும் ஜாக்கியில தூக்கத்தான் போறோம், அதுவும் குழி விளிம்புல வச்சு. குழியால சுலபமாகறது ஆயிலும் சைலன்சரும் மட்டும்தான். பஸ்சும் லாரியும் வேற கதை. அதுல கியர் பாக்ஸ் நடுவுல நீளவாக்குல இருக்கும்.

வல்லம்_மேடு:
எங்க வீட்டுல குழி இருக்கு. எந்த மழைக்கும் உள்ள தண்ணி வந்ததில்ல, சொகமா நின்னு வேலை பார்க்கறேன். எல்லாரையும் பயமுறுத்தாதீங்க சார்.

கொள்ளிடக்கரை:
நீங்க இருக்கறது செம்மண் மேடு. உங்க ஊர்க் கிராவலைத்தான் லாரியில கொண்டாந்து நாங்க இங்க பேஸ்மட்டம் நிரப்பறோம். அதையும் இதையும் ஒண்ணா வைக்காதீங்க.

வல்லம்_மேடு:
சரி, அது நியாயம். ஆனா பழைய பானா சொன்ன இடுப்பு வலியும் நியாயம்தான்.

உப்புக்காத்து:
குழியில தண்ணிய விட ஆவி மோசம். பெட்ரோல் ஆவி காத்தை விட மூணு நாலு மடங்கு கனம், போய்க் குழிக்குள்ளதான் உக்காரும். 800ல பெட்ரோல் ஃபில்டர் மாத்தும்போது கீழே 230 வோல்ட் கை லைட் எரிஞ்சா என்ன ஆகும்? குழி வச்சே ஆகணும்னா 12 வோல்ட் விளக்கு, அடியில இருக்கற காத்தை உறிஞ்சி வெளியே தள்ள ஒரு ஃபேன், ரெண்டும் கட்டாயம்.

பழைய_பானா:
நான் சிகரெட்டைப் பத்த வச்சுக்கிட்டா இறங்கச் சொன்னேன்? எச்சரிக்கையா இருக்கறவனுக்கு ஒண்ணும் ஆகாது. சரி, குழி வேண்டாம்னே வச்சுக்குவோம். லிஃப்ட்டுக்கு மட்டும் இந்த மண்ணு தாங்குமா? வெயில்ல கை நுழையற அளவு வெடிக்கும், மழையில உப்பும். அதுல ரெண்டு தூணை நட்டு ஒரு டன் வண்டியைத் தலைக்கு மேல தூக்கறதா?

கொள்ளிடக்கரை:
நல்ல கேள்வி. களிமண்ணை ரெண்டு அடியாவது வெட்டி எடுத்துட்டு, கிராவல் போட்டு அடுக்கடுக்கா தண்ணி விட்டு இடிச்சு, மேல தடிமனான பாலித்தீன் விரிச்சு, கம்பியோட ஆறு அங்குலம் எம்25 தரக் கான்கிரீட். 28 நாள் ஆன பிறகுதான் லிஃப்ட் தூணைத் தரையோட பிடிக்கற ஆங்கர் போல்ட் முறுக்கணும். குறுவைக்கு நான் சொல்ல வர்றது இதுதான்: டூல்ஸுக்கு ஒதுக்கின காசுல பாதியை இந்தத் தரையில போடுங்க. லிஃப்ட் இப்போ வேண்டாம், லட்சத்துக்கு மேல போகும். பின்னால வாங்கினா அந்தத் தரை ஏத்துக்கும். கூரையை மட்டும் இப்பவே உசத்தி வைங்க. கார் ஆறடி மேல போனா, அதோட உயரம் அஞ்சடி, மொத்தம் 11 அடி. 12 அடி வச்சா நிம்மதி.

குறுவை:
தரை மட்டம் எவ்வளவு ஏத்தணும்? தெருவுல ரோடு போடும்போதெல்லாம் பழசைச் சுரண்டாம மேலயே போட்டுடறாங்க. பக்கத்து வீட்டு வாசப்படி ஏற்கெனவே ரோட்டுக்குக் கீழ போயாச்சு.

கொள்ளிடக்கரை:
ரோட்டுலேர்ந்து ரெண்டடி.

பழைய_பானா:
ரெண்டடி ஏத்திட்டு வண்டி எப்படி ஏறும் இன்ஜினியர் சார்? எட்டுக்கு ஒண்ணு சரிவுன்னா 16 அடி நீளம் வேணும். அவன்கிட்ட இருக்கறதே 22 அடி. சரிவைக் குறைச்சு நீட்டினா ரோட்டுல போய் நிக்கும், செங்குத்தா போட்டா ஸ்விஃப்ட் மூக்கு இடிக்கும்.

கொள்ளிடக்கரை:
ஒத்துக்கறேன். ஒன்றரை அடி வைங்க, 12 அடி சரிவு. ஆனா வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல அந்த 12 அடி இருக்கணும், அதை குறுவைதான் அளந்து சொல்லணும். சரிவோட மேல் முனையை மட்டும் வளைவா தேய்க்கச் சொல்லுங்க, வயிறு தட்டாது.

குறுவை:
வாசல் முன்னால பத்தடிதான் இருக்கு. உள்ள ரெண்டடி தின்னுக்கும், பரவாயில்ல. அப்புறம் கரண்ட்? கம்ப்ரசர், வெல்டிங்குக்கு வயல் லைனை இழுத்துக்கலாமா?

உப்புக்காத்து:
அந்தப் பக்கமே போகாதீங்க. விவசாயத்துக்குன்னு கொடுத்த மின்சாரத்தை வேற வேலைக்கு இழுத்தா 2003 மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவுல ரெண்டு மடங்கு கட்டணம் போடுவாங்க. ரெண்டு எச்.பி. கம்ப்ரசர் சிங்கிள் பேஸ்லயே ஓடும். ஷெட்டுக்குத் தனி லைன், கரண்ட் கசிஞ்சா உடனே லைனைத் துண்டிக்கற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்க. ஈரத்தரையில நின்னுதான் கிரைண்டர் பிடிக்கப் போறீங்க.

நான் நாகப்பட்டினம். எங்க பக்கம் பானா செட்டை வெளியே வச்சா ஒரு மழைக்காலத்துல பழுப்பேறிடும். மூடற இரும்புப் பெட்டி வாங்குங்க, சுவத்துல அழகா மாட்டி வைக்கற ஆணிப் பலகை நம்ம ஊருக்கு ஆகாது. வேலை முடிஞ்சதும் ஆயில் துணியால ஒரு துடை. கம்ப்ரசர் டேங்க்ல சேர்ற தண்ணிய அடி வால்வைத் திறந்து இறக்கிடுங்க, இல்லேன்னா உள்ளேர்ந்து அரிக்கும். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். திறந்த டப்பாவை அடுத்த வருஷத்துக்குன்னு எடுத்து வைக்காதீங்க, சின்ன டப்பாவா வாங்குங்க. கூரைத் தகடை ஜே போல்ட் நெருக்கமா போட்டு மாட்டச் சொல்லுங்க. 2018 கஜாவுல எங்க தெருத் தகடெல்லாம் வயல்ல போய்க் கெடந்துச்சு.

குறுவை:
எடுக்கற பழைய ஆயிலை என்ன பண்றது?

பழைய_பானா:
சென்ட்ரிங் பலகைக்குப் பூச வாங்கிக்குவாங்க.

கொள்ளிடக்கரை:
அதுவும் கடைசியில மண்ணுக்குத்தான் போகுது. கேன்ல சேர்த்து, பழைய ஆயில் எடுக்க உரிமம் இருக்கற ஆளுக்குக் கொடுங்க. 2016 விதிகள்படி அது அபாயக் கழிவு. கொல்லை வாய்க்கால்ல மட்டும் ஊத்திடாதீங்க, அது நேரா நாத்தங்காலுக்குப் போகும்.

குறுவை:
சரி, குழி இல்ல. ஒன்றரை அடி பேஸ்மட்டம், ஆறு அங்குலத் தரை, ரெண்டு டன் டிராலி ஜாக்கி, தூக்கின வண்டியைத் தாங்க மூணு டன் ஸ்டாண்ட் நாலு, போல்ட்டைச் சரியான அளவுக்கு முறுக்க ஒரு டார்க் ரிஞ்ச். கிளட்ச் வேலை பிறகு பார்ப்போம்.

பழைய_பானா:
உங்க இஷ்டம். எனக்கு இன்னும் ஒப்பல. ஸ்டாண்ட் வாங்கினா பல்லோட பூட்டுப் பின்னும் இருக்கறதா பார்த்து வாங்குங்க. வெறும் ஜாக்கியை நம்பி அடியில போகாதீங்க, ஆயில் சீல் போச்சுன்னா சொல்லிக்காம இறங்கும். தரையை ரெட் ஆக்சைடு போட்டு வழவழன்னு தேய்க்கச் சொல்லாதீங்க. ஆயில் சிந்தினா காலும் வழுக்கும், ஸ்டாண்டும் நகரும். சொரசொரப்பாவே விடச் சொல்லுங்க, வாசல் பக்கமா லேசா வாட்டம் வச்சு.