பார்க்கிங் பிரேக் பிராக்கெட்: கறுப்பா, சாம்பலா?

பழையபோல்ட்: 1966 ஃபோர்டு மஸ்டாங் காரை ஆலையிலிருந்து வந்த நிலைக்கே மீட்கப் பார்க்கிறேன்; அடிப்பாகம் முழுக்கப் பிரித்தாயிற்று. பார்க்கிங் பிரேக் கேபிளைத் தாங்கும் பிராக்கெட்டில் கிரீஸைத் துடைத்தால் கருஞ்சாம்பல் நிறம் தெரிகிறது. ஆனால் உறை பிரிக்காத பழைய கம்பெனி ஸ்பேர் ஒன்று கிடைத்தது. அது பளபளவென்று கறுப்பு. ஆலையிலிருந்து வண்டி வெளியே வந்தபோது எந்த நிறம்?

கறுப்பன்74: கம்பெனி ஸ்பேரே கறுப்பு என்றால் இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எல்லா பிராக்கெட்டையும் மணல் பீய்ச்சிச் சுரண்டும் சாண்ட் பிளாஸ்டிங் செய்து, பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கும் பவுடர் கோட்டிங் கொடுத்துவிடுங்கள். அப்புறம் துரு என்ற பேச்சே இருக்காது.

திருகாணி: ஐயோ, பிளாஸ்டிங் மட்டும் வேண்டாம். இருக்கிற தடயமும் போய்விடும். ஸ்பேர் என்பது அலமாரியில் வருஷக்கணக்கில் கிடக்க வேண்டியது, அதனால் பெயிண்ட் அடித்து அனுப்புவார்கள். ஆலையில் மாட்டுகிற பாகத்துக்கு அந்தக் கவலை குறைவு. பாஸ்பேட் செய்து, அதாவது ரசாயனக் கரைசலால் இரும்பின் மேல் மெல்லிய சாம்பல் படலம் உண்டாக்கி, எண்ணெய் தடவியிருந்தாலே போதும். அதோடு மஸ்டாங்கை டியர்பார்ன், சான் ஹோசே, மெட்டச்சன் என்று 3 ஆலைகளில் செய்தார்கள். ஒரு ஸ்பேரை வைத்து எல்லா வண்டிக்கும் தீர்ப்பு சொல்ல முடியாது.

கறுப்பன்74: அந்தச் சாம்பல், வெளுத்துப்போன கறுப்பாக ஏன் இருக்கக் கூடாது? துத்தநாக முலாமும் நாள்பட்டால் மங்கிச் சாம்பலாகத்தான் தெரியும்.

திருகாணி: நியாயமான கேள்வி. வாஷருக்கு அடியில் பாருங்கள், வெளிச்சமும் புழுதியும் படாத இடம். முக்கியெடுத்த பெயிண்ட் என்றால், தொங்கவிட்டபோது கீழே இருந்த மூலையில் ஒரு சொட்டு தடித்து நிற்கும். துத்தநாகம் அரித்த இடத்தில் வெள்ளைப் பொடி இருக்கும். பாஸ்பேட்டுக்குத் தடிமனே தெரியாது. தகட்டை அச்சில் வெட்டியபோது விளிம்பில் விழுந்த கோடுகள்கூட அப்படியே இருக்கும்.

பழையபோல்ட்: பார்த்தேன். வாஷர் இருந்த வட்டத்தில் அதே கருஞ்சாம்பல், பளபளப்பே இல்லை. விளிம்பில் வெட்டுக் கோடுகள் தெளிவாக இருக்கின்றன. சொட்டும் இல்லை, வெள்ளைப் பொடியும் இல்லை. இன்னொன்று: சுற்றியுள்ள தரைத்தகட்டில் பாடி பெயிண்ட் தூவல் படிந்திருக்கிறது. பிராக்கெட்டைக் கழற்றினால் அதன் அடியிலும் தூவல் தொடர்கிறது. பிராக்கெட் மேல் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை.

திருகாணி: அப்படியானால் பெயிண்ட் அடித்த பிறகுதான் அதை மாட்டியிருக்கிறார்கள். தன் நிறத்தோடு வந்த பாகம். பாஸ்பேட் என்றே சொல்வேன்.

கறுப்பன்74: சரி, பாஸ்பேட்டாகவே இருக்கட்டும். எண்ணெய் காய்ந்தால் ஒரே மழையில் துரு பிடிக்குமே! நான் வண்டியை ஓட்டுகிறவன், கண்ணாடிக் கூண்டில் வைக்கிறவன் இல்லை.

திருகாணி: ஓட்டுங்கள் சார், யார் தடுத்தார்கள்? ஆனால் பவுடர் கோட்டிங் 60 மைக்ரானுக்கு மேல் தடிக்கும். போல்ட் பிடிக்கும் முகத்தில் அது நசுங்கி, போல்ட்டின் இறுக்கம் தளர்ந்துபோகும். அந்த முகத்தையாவது மறைத்துவிட்டு அடியுங்கள். ஸ்பிரிங் கிளிப்புகளைக் கண்ட முலாம் கடையில் கொடுக்காதீர்கள்; அமிலத்தில் போட்டு முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்துவிடும். உடனே 200 டிகிரி செல்சியஸ் அளவில் சில மணி நேரம் சூடேற்றாவிட்டால், மாட்டிய பிறகு பட்டென்று உடையும்.

பழையபோல்ட்: பிராக்கெட்டுக்கு பாஸ்பேட்தான், மேலே மெழுகு. இப்போதுதான் புகைக்குழாயைத் தாங்கும் எக்ஸாஸ்ட் ஹேங்கரைத் துடைத்தேன். மூலையில் தடித்த சொட்டு, நல்ல கறுப்பு.

கறுப்பன்74: ஆக, ஒன்றாவது கறுப்பு!