டார்வின் திருடினாரா? வாலஸ் கடிதம் ஏறின கப்பல் எது?

ஓலைப்பெட்டி:
நேத்து இங்க ஒரு பதிவு பார்த்ததிலிருந்து ஆத்திரம் அடங்கல. இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் வாலஸ், இப்போ இந்தோனேசியாவுல இருக்கற தெர்னாத்தே தீவிலிருந்து அனுப்பின கட்டுரையை டார்வின் ரெண்டு வாரம் ஒளிச்சு வெச்சு, அதிலிருந்து திருடித்தான், சூழலுக்குப் பொருந்தினதே பிழைச்சுப் பெருகும்ங்கற இயற்கைத் தேர்வுக் கொள்கையை முடிச்சாராம். அதுக்கு அத்தனை கைதட்டல் வேற. 1842-லேயே பென்சில்ல 35 பக்கம் எழுதி வெச்சவர் டார்வின். 1844-ல அதை 200 பக்கத்துக்கு மேல விரிச்சு, தான் செத்துப்போனா அச்சுக்குக் கொடுன்னு மனைவி எம்மாவுக்குக் கடிதமும் எழுதினார். வாலஸ் எழுதினது 1858 பிப்ரவரி. வராத கடிதத்திலிருந்து எப்படித் திருடுவார்?

செம்பருந்து:
பதிவு போட்டது நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம். 1842, 1844 எல்லாம் யார் கேட்டா? நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. வாலஸ் அதே தெர்னாத்தேயிலிருந்து இங்கிலாந்துல லெஸ்டர் ஊர்ல இருந்த ஃபிரெடெரிக் பேட்ஸுக்கு ஒரு கடிதம் போட்டார். அந்த உறை பத்திரமா இருக்கு, அதுல லண்டன் முத்திரை 1858 ஜூன் 3. டார்வின் மட்டும் ஜூன் 18 அன்னைக்கு, "இன்னைக்குத்தான் வந்தது"ன்னு தன் நண்பர், புவியியலாளர் லயலுக்கு எழுதறார். தெர்னாத்தேயிலிருந்து மார்ச் 9 கப்பல்ல ஒண்ணா ஏறின ரெண்டு கடிதத்துல ஒண்ணு மட்டும் பதினஞ்சு நாள் எங்க போச்சு?

ஓலைப்பெட்டி:
ஒண்ணா ஏறுச்சுன்னு யார் சொன்னா? ஆய்வாளர்கள் வான் வைஹேயும் ரூக்மாக்கரும் 2012-ல அந்தக் காலத்துக் கப்பல் அட்டவணையெல்லாம் தேடி எடுத்து ஒப்பிட்டுட்டாங்க. வாலஸ் எழுதினது டார்வின் கடிதத்துக்குப் பதில். டார்வினோட அந்தக் கடிதமே மார்ச் 9 கப்பல்லதான் தெர்னாத்தே வந்துச்சு. அப்போ பதில் அடுத்த மாசக் கப்பல்லதான் போயிருக்கணும். ஏப்ரல் தபால் சிங்கப்பூர், இலங்கையோட காலி துறைமுகம், சூயஸ் வழியா லண்டன் வந்தது ஜூன் 17. மறுநாள் டார்வின் வீடு. ஜூன் 18. இதுல இடுக்கு எங்க இருக்கு?

செம்பருந்து:
வாலஸ் 1905-ல எழுதின சுயசரிதையைப் படிச்சிருக்கீங்களா? காய்ச்சல் விட்டதும் ரெண்டு சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன், ஓரிரு நாள்ல கிளம்பற தபால்ல டார்வினுக்கு அனுப்பறதுக்காகன்னு அவரே சொல்றார். ஓரிரு நாள்ல கிளம்பற தபால் ஏப்ரல் கப்பலா? மார்ச் 9. திரும்பவும் சொல்றேன், மார்ச் 9.

ஓலைப்பெட்டி:
நாப்பத்தேழு வருஷம் கழிச்சு எழுதின நினைவு அது. ஏப்ரல் கப்பல்தான்.

கரிசல்காடு:
ரெண்டு பேரும் 1858-லேயே நிக்கறீங்க. 1831-ல ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் மேத்யூ, கப்பல் கட்டற மரங்களைப் பத்தின புத்தகத்தோட பின்னிணைப்புல இயற்கைத் தேர்வைச் சொல்லிட்டார். 1860-ல டார்வினே அதை ஒப்புக்கிட்டார். இதுக்கு என்ன சொல்றீங்க?

செம்பருந்து:
இவர் எந்த இழைக்கு வந்தாலும் மேத்யூ. மெண்டல் இழையிலயும் இதே பாட்டுதான். கப்பலைப் பத்தித் தெரிஞ்சா பேசுங்க.

கரிசல்காடு:
மெண்டல் இழையில என் பதிவை மட்டுறுத்துனர்கிட்ட சொல்லித் தூக்க வெச்சது யாருன்னு எனக்குத் தெரியும். மறக்கல.

தாழம்பூ:
கப்பல் எதுவா இருந்தா என்ன? வாலஸ் பதினாலு வயசுல பள்ளிக்கூடத்தை விட்டவர். பூச்சியும் பறவைத் தோலும் சேர்த்து வித்துப் பிழைச்சவர். 1852-ல அமேசான்ல இருந்து திரும்பறப்ப கப்பல் தீப்பிடிச்சு, கூட எடுத்து வந்த சேகரிப்பு கிட்டத்தட்ட முழுசும் போச்சு. அப்படிப்பட்ட மனுஷனை ஒரு வார்த்தை கேட்காமலே லயலும் டார்வினோட இன்னொரு நண்பர், தாவரவியலாளர் ஹூக்கரும் 1858 ஜூலை 1 அன்னைக்கு லண்டன் லின்னேயன் அறிவியல் சங்கத்துல கட்டுரையை வாசிக்க வெச்சாங்க. டார்வின் எழுதினது முதல்ல, வாலஸோடது கடைசியில. அநியாயம் அங்க இருக்கு.

ஓலைப்பெட்டி:
அந்தக் கூட்டத்துக்கு டார்வினே போகல. ஒன்றரை வயசுக் குழந்தை சார்லஸ் வேரிங் ஜூன் 28 அன்னைக்குத்தான் ஸ்கார்லெட் காய்ச்சல்ல செத்துச்சு. 1881-ல வாலஸுக்கு வருஷம் 200 பவுண்டு அரசு ஓய்வூதியம் கிடைக்க முன்நின்னதும் டார்வின்தான். வாலஸ் 1889-ல எழுதின புத்தகத்துக்கு வெச்ச பேரே 'டார்வினியம்'. தன்கிட்ட திருடினவன் பேரை யாராவது புத்தகத்துக்கு வெப்பாங்களா?

தாழம்பூ:
ஓய்வூதியம் வாங்கிக் கொடுத்தா எல்லாம் நேராயிடுமா? வாலஸ் பெருந்தன்மையா நடந்துக்கிட்டார். அதை டார்வின் கணக்குல எழுதாதீங்க.

செம்பருந்து:
செத்த குழந்தையை இதுல இழுக்காதீங்க. நான் பேசறது ஜூன் 28 இல்ல, ஜூன் 3. ஓர் இனத்திலிருந்து வகைகள் கிளைகிளையாப் பிரியற கருத்துதான் தன் புத்தகத்துக்கு ஆணிவேர்னு டார்வின் ஹூக்கருக்கு எழுதினது ஜூன் 8. கடிதம் வந்து அஞ்சு நாள்ல! வாலஸ் அனுப்பின மூலக் கட்டுரை எங்க? உறை எங்க? பேட்ஸ் வீட்டு உறை மிஞ்சியிருக்கு, டார்வின் வீட்டு உறை காணோம்.

ஓலைப்பெட்டி:
அந்தக் கிளை பிரியற கருத்து, 1857 செப்டம்பர் 5 அன்னைக்கு ஹார்வர்டு தாவரவியலாளர் ஆசா கிரேக்கு டார்வின் எழுதின கடிதத்துலயே இருக்கு. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், கிரே கையில இருந்த கடிதம். அதை டார்வின் எப்படித் திருத்துவார்? இதுக்கு மூணு வருஷமா இந்தத் தளத்துல நான் பதில் கேட்கறேன், நீங்க தாண்டித் தாண்டிப் போறீங்க. உறை காணோமாம். வந்த கடிதங்களைக் கம்பியில குத்தி வெச்சு, கம்பி நிறைஞ்சதும் மொத்தமா எரிக்கிறது அப்போ டார்வினோட வழக்கம். மகன் பிரான்சிஸே எழுதி வெச்சிருக்கார். வாலஸ் கடிதம் மட்டுமா போச்சு?

செம்பருந்து:
எரிச்சுட்டாருங்கறதையே அவருக்குச் சாதகமாச் சொல்றீங்க. மார்ச் 9-க்குப் பதில் இல்ல.

கரிசல்காடு:
மேத்யூவுக்கும் யாரும் பதில் சொல்லல.

ஓலைப்பெட்டி:
கிரே கடிதத்துக்குப் பதில் சொல்லிட்டு மார்ச் 9-க்கு வாங்க. ஏப்ரல் கப்பல் துறைமுகம் துறைமுகமா எப்போ போச்சுன்னு ராத்திரி தேதியோட போடறேன்.

செம்பருந்து:
போடுங்க. அந்த அட்டவணையில வாலஸ் கடிதம் எந்தக் கப்பல்ல ஏறுச்சுன்னு ஒரு வரி இருந்தா அதையும் சேர்த்துப் போடுங்க.