மன்றாடு: கூத்தா, வழக்கா?

செந்தூல்வாசி:
'மன்றாடிக் கேட்கிறேன்' என்கிறோமே, அது தில்லைக் கூத்தனிடமிருந்து வந்தது. மன்றில், அதாவது தில்லை அம்பலத்தில், ஆடுகிறவன் மன்றாடி. அவன் முன்னால் உருகி நிற்பது மன்றாட்டு. இதில் என்ன சந்தேகம்?

ஜெலுத்தோங் தமிழன்:
சந்தேகம் நிறையவே இருக்கிறது அண்ணே. ஆடு என்றால் உடனே நடனமா? அப்படியானால் வழக்காடுகிறவர், வாதாடுகிறவர், உரையாடுகிறவர் எல்லாரும் சலங்கை கட்ட வேண்டியதுதான். மன்று என்பது ஊர் கூடி வழக்குத் தீர்த்த இடம். நீதிமன்றத்தில் அந்தச் சொல் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அங்கே நின்று குறை சொல்லி நியாயம் கேட்டவன் மன்றாடினான். அவ்வளவுதான்.

செந்தூல்வாசி:
சரி, பணிவு எங்கிருந்து வந்தது? கண்ணகியும் பாண்டியன் அவையில்தான் நின்றாள். 'தேரா மன்னா' என்று ஆரம்பித்தாள். கெஞ்சினாளா?

ஜெலுத்தோங் தமிழன்:
எல்லாரும் கண்ணகியா? முறையிடு என்ற சொல்லைப் பாருங்கள். சாமியிடமும் முறையிடுகிறோம், நீதிமன்றத்தில் மேல்முறையீடும் செய்கிறோம். நம் மலேசியாவின் மலாய் மொழியிலும் இதே கதைதான். மெராயு என்றால் கெஞ்சிக் கேட்பது. புத்ராஜெயாவில் இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் பெயர் மஹ்கமா ராயுவான். பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காவிட்டால் நாம் எழுதுவது சூராட் ராயுவான், மேல்முறையீட்டுக் கடிதம். அதை யாராவது அதட்டி எழுதுவார்களா?

கல்வெட்டுப் பித்தன்:
நடுவில் நுழைகிறேன். சோழர் கல்வெட்டுகளில் மன்றாடி என்றால் இடையர். கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய 96 ஆடுகளை அவரிடம் ஒப்படைப்பார்கள். 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதியிருக்கும். செத்ததற்கு ஈடாகக் குட்டி வளர்ந்துவிடும், எண்ணிக்கை குறையக் கூடாது என்று கணக்கு. அவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். இந்த மன்றாடி நடனமும் ஆடவில்லை, யாரிடமும் கெஞ்சவும் இல்லை. மன்றுக்கு மாட்டுத்தொழு என்றும் பொருள் உண்டு. அதனால் மன்றாடி என்ற பெயரை வைத்து வினைச்சொல்லுக்குக் கதை கட்டாதீர்கள்.

ஜெலுத்தோங் தமிழன்:
பித்தன் உடைத்தது செந்தூலார் கதையை. என் வாதம் அந்தப் பெயரில் நிற்கவே இல்லை.

செந்தூல்வாசி:
ரொம்பத் துள்ளாதீர்கள் தம்பி. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் தேவாலயத் திருவிழாவுக்குப் போய், மன்றாட்டு என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். செபம் என்பார்கள். வழக்கு என்று ஒருவர் சொல்ல மாட்டார்.

ஜெலுத்தோங் தமிழன்:
கூத்து என்றும் சொல்ல மாட்டார் அண்ணே!

செந்தூல்வாசி:
அது இருக்கட்டும். வழக்குப் பொருளில் வரும் பழைய வரி ஒன்றைப் போடுங்கள், அப்புறம் பேசலாம்.