கச்சேரியில் படம் எடுப்பவர் எவ்வளவு நேரம் இருக்கலாம்?

தேக்கா ரசிகை:
போன சனிக்கிழமை ஒரு சிறிய அரங்கில் கர்நாடக இசைக் கச்சேரி. பாடகி தோடி ராக ஆலாபனையில் (தாளமில்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் பகுதி), கண்ணை மூடிக் காந்தார ஸ்வரத்தை அசைத்துக்கொண்டிருந்தார். நடுப்பாதையில் மண்டியிட்டிருந்த புகைப்படக்காரர் டக் டக் டக்கென்று பத்துப் பதினைந்து படம் எடுத்தார். கேமராவிலிருந்து ஆரஞ்சு நிற வெளிச்சம் வேறு பாடகியின் முகத்தில் அடித்தது. கண்ணைத் திறந்துவிட்டார். பாடிக்கொண்டிருந்த சங்கதி அதோடு அறுந்துபோயிற்று. பெரிய பாப் நிகழ்ச்சிகளில் முதல் மூன்று பாட்டுக்குத்தான் படம், ஃபிளாஷ் கூடாது, அப்புறம் வெளியே போய்விட வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. நம் சபாக்களும் அதையே வைக்கட்டும்.

மேடையோரம்:
அக்கா, நான் பல வருடமாகக் கச்சேரிப் படம் எடுப்பவன். நீங்கள் சொன்னதில் தப்பு எங்கள் ஆள் மேல்தான். அந்த ஆரஞ்சு வெளிச்சம் இருட்டில் ஃபோகஸ் பிடிக்க உதவும் விளக்கு. மெனுவில் போய் அணைத்துவிடலாம். அணைக்காமல் அரங்குக்குள் வரவே கூடாது.

ஆனால் மூன்று பாட்டு விதி நமக்கு ஒத்துவராது. பாப் நிகழ்ச்சியில் விளக்கு, ஆட்டம், ஆரவாரம் எல்லாம் முதல் பாட்டிலேயே வந்துவிடும். நம் கச்சேரி வர்ணம் என்ற முதல் உருப்படியில் நிதானமாகத் தொடங்கும். அப்போது பாடகர் சவுண்டுக்காரரைப் பார்த்து விரலை உயர்த்தி, தம்புராவை ஏற்றச் சொல்லிக்கொண்டிருப்பார். முகம் மலர்வது பிரதான ராகத்தில். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் அதற்கும் பிறகு. மூன்றாம் பாட்டோடு என்னை அனுப்பினால் மிருதங்கக்காரருக்கு ஒரு நல்ல படம்கூட இருக்காது.

தேக்கா ரசிகை:
மிரர்லெஸ் கேமராவில் ஷட்டர் சத்தமே வராதாமே? அதை வாங்க வேண்டியதுதானே?

மேடையோரம்:
நான் வைத்திருப்பது அதுதான். எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரிவரியாகப் பதியும். மேடையில் உள்ள எல்இடி விளக்குகள் பல, கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் விழும். பாடுபவரின் முகத்துக்கு நொடியில் 125-ல் ஒரு பங்கு வேகம் போதும், பட்டை பெரும்பாலும் தெரியாது. மிருதங்க விரல்களுக்கு 500-ல் ஒரு பங்காவது வேண்டும். அந்த வேகத்தில்தான் பட்டை தெரியும். அதனால் ஆலாபனையில் சத்தமில்லாத ஷட்டர், தனியில் மட்டும் சாதாரண ஷட்டர். தனியின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்காது.

தாளம்:
நான் மிருதங்கம் வாசிப்பவன். கேட்காது என்று சொல்லாதீர்கள் அண்ணா. கோர்வை என்ற கணக்குத் தொடரில் கார்வை, அதாவது இடைவெளி, விடுவோம். அந்த மௌனமும் கணக்கில் சேர்ந்ததுதான். அதற்குள் ஒரு கிளிக் விழுந்தால் எனக்குப் பகீரென்றிருக்கும். மிருதங்கச் சொற்கள் அடர்ந்து வரும்போது படம் எடுங்கள், கார்வையில் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். ஆனால் அக்கா, மூன்று பாட்டு விதி எனக்கும் வேண்டாம். என்னிடம் இருக்கும் படங்களில் பாதிக்கு மேல், மைக் கம்பிக்குப் பின்னால் அரை முகம்தான் தெரிகிறது. அழைப்பிதழுக்குப் படம் கேட்டால் அனுப்ப ஒன்றுமில்லை.

தேக்கா ரசிகை:
தம்பி சொல்வது நியாயம். எல்லா இடமும் ஒன்றல்ல என்பதும் எனக்குத் தெரியும். சிங்கப்பூர் எஸ்பிளனேட் கலை அரங்கில் நவம்பரில் கலா உத்சவம் என்ற இந்தியக் கலைவிழா நடக்கும்போது, தண்ணீரோரத் திறந்தவெளி அரங்கில் எத்தனை பேர் படம் எடுத்தாலும் நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதே கட்டடத்தில், 245 பேர் உட்காரும் ரிசைட்டல் ஸ்டூடியோவில் ஒருவர் தொண்டையைச் செருமினாலே கவனம் கலைகிறது. சரி, தனி முடியும்வரை இருங்கள். நடுப்பாதைக்கு மட்டும் வராதீர்கள். ஆலாபனையில் கேமராவை இறக்கி வையுங்கள்.

மேடையோரம்:
நடுப்பாதையை விட்டுவிடுகிறேன். ஓரச் சுவரோடு நின்று, தூரத்தை நெருக்கிக் காட்டும் 70-200 லென்ஸில் எடுத்துக்கொள்ளலாம். ஆலாபனையை விட மனம் வரவில்லை அக்கா. கண் மூடிய அந்த முகம் அங்கேதான் கிடைக்கும். சத்தமில்லாமல் நாலே படம்.

தேக்கா ரசிகை:
அதில் எனக்கு உடன்பாடில்லை. ராகத்தைத் தேடிக்கொண்டிருப்பவரை யாரோ குறிபார்த்துக்கொண்டிருப்பதே அவரைக் கலைக்கும். பாடுபவரிடமே முன்கூட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் கேமரா பைக்குள் போகட்டும்.

மேடையோரம்:
கேட்கிறேன். மைக் சரிபார்க்கும் நேரத்திலேயே போய்க் கேட்டுவிடுகிறேன்.