பொன்மலையில் ஆயுத பூஜையன்று பார்த்த, வகை தெரியாத என்ஜின்கள்

காவிரிப்பாதை எழுதியது:

திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனைக்குள் சாதாரண நாட்களில் வெளியார் நுழைய முடியாது. ஆயுத பூஜையின்போது ஊழியர்களின் குடும்பத்தாருடன் ஊர்மக்களையும் உள்ளே விடுவார்கள் என்பதால், பல ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்ள மகளையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். தென்னிந்திய ரயில்வே கம்பெனி தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் இங்கே மாற்றியது. அத்தனை பழைய கூடங்களில் ஒவ்வொரு கடைசல் இயந்திரத்துக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாழைக்கன்று கட்டி, முன்னால் பொரியும் கடலையும் படைத்திருந்ததைப் பார்த்தபோது, ஒரு பெரிய குடும்பத்தின் வீட்டுப் பூஜைக்குள் வந்துவிட்டது போல இருந்தது.

என்ஜின்களைப் பார்த்தவுடன் வகை சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. அன்று இரண்டு என்ஜின்கள் என்னைத் தடுமாற வைத்தன. அவற்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, ஒரு கூடத்தின் வாசலருகே பழுது பார்க்க நின்றிருந்த டீசல் என்ஜின். நான் மயிலாடுதுறைக்காரன். விழுப்புரம் மார்க்கம் அகலப்பாதையாக மாற்றப்படுவதற்காக 2006இல் மூடப்படும் வரை, எங்கள் ஊர் வழியாகப் போன மீட்டர் பாதை வண்டிகளை ஒய்.டி.எம்.-4 வகை டீசல் என்ஜின் இழுத்துச் செல்வதைப் பார்த்தே வளர்ந்தேன். ஒரு பக்கம் குட்டையான மூக்கு, நடுவே ஓட்டுநர் அறை, மறுபக்கம் எந்திரத்தை மூடியபடி நீண்டு போகும் ஹூட், அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களான இரண்டு போகிகளில் மொத்தம் ஆறு அச்சுகள் என்று அந்த உருவம் என் கண்ணில் பதிந்து கிடக்கிறது. பொன்மலையில் நின்றதும் அதே உருவம்தான். பெயின்ட் பாதி சுரண்டப்பட்டிருந்ததால் வகைப்பெயர் தெரியவில்லை. எண் எழுதியிருந்த இடத்தில் சாமந்தி மாலை தொங்கியது. மகளிடம், "இதுதான் அப்பா சின்ன வயதில் பார்த்த ஒய்.டி.எம்.-4" என்று மகிழ்ச்சியோடு சொன்னேன். அவளும் கையிலிருந்த குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டாள்.

எழுதி முடித்துவிட்டு அவள் கேட்ட கேள்விதான் என்னை நிறுத்தியது: "மீட்டர் பாதை என்றால் ஒரு மீட்டர்தானே, இது ஏன் இவ்வளவு அகலமாக இருக்கிறது?" குனிந்து பார்த்தேன். சக்கரங்கள் நின்றிருந்தது 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை. ஒய்.டி.எம்.-4 அதன்மேல் நிற்கவே முடியாது. மாலைக்குப் பக்கவாட்டில் '36' என்ற இரண்டு இலக்கங்கள் மட்டும் தெரிந்தன. மீதி எண் பூவுக்குள் இருந்தது.

இரண்டாவது, பிரித்துப் போட்ட நிலையில் இருந்த ஒரு சிறிய நீராவி என்ஜின். நீலகிரி மலை ரயிலுக்குரியது என்பது தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள் இருந்தன. நான் பார்த்திருக்கிற ஒய்.பி., ஒய்.ஜி. வகை மீட்டர் பாதை நீராவி என்ஜின்களில் பக்கத்துக்கு ஒரு சிலிண்டர்தான். விளக்கம் கேட்பதற்குள் கூட்டம் எங்களை நகர்த்திவிட்டது. தெரிந்தவர்கள் தங்கள் அனுபவத்தோடு சேர்த்துச் சொன்னால் மகளுக்கும் காட்டுவேன்.

பொன்மலைக் கொல்லன் எழுதியது:

தம்பி, நான் அந்தப் பணிமனையில் டீசல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் பார்த்தது டபிள்யூ.டி.எஸ்.-6, அதாவது யார்டில் பெட்டிகளை இழுத்தும் தள்ளியும் சேர்க்கிற (ஷண்டிங்) அகலப்பாதை டீசல் என்ஜின். அந்த '36' தெரிந்ததே போதும். டபிள்யூ.டி.எஸ்.-6 என்ஜின்களின் ஐந்து இலக்க எண் 36 என்றுதான் தொடங்கும். ஒய்.டி.எம்.-4 என்ஜின்களுக்கோ 6 என்று தொடங்கும் நான்கு இலக்க எண்.

நீங்கள் தடுமாறியதில் வியப்பில்லை, உண்மையிலேயே இரண்டுக்கும் உறவு உண்டு. இரண்டின் உள்ளே இருப்பதும் அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் 251 குடும்பத்தைச் சேர்ந்த, ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில் கொண்ட பவர் பேக்தான், அதாவது விசை தரும் டீசல் எந்திரம். சுமார் 1,350 குதிரைத்திறன். அதே குடும்பத்தின் 16 சிலிண்டர் பவர் பேக்கை வைத்தால் அது 2,600 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூ.டி.எம்.-2 ஆகிவிடும். எங்களைப் போன்ற ஃபிட்டர்களுக்கு இது பெரிய வசதியாக இருந்தது. மீட்டர் பாதை என்ஜினில் வால்வு சரிசெய்யக் கற்றுக்கொண்ட கை, ஷண்டிங் என்ஜினின் ஹூட் கதவைத் திறந்ததும் தானாக வேலை செய்யும்.

வகைப்பெயரின் எழுத்துகளை மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். முதல் எழுத்து பாதையின் அகலம்: டபிள்யூ என்றால் அகலப்பாதை, ஒய் என்றால் மீட்டர் பாதை. அடுத்தது ஓடும் விதம்: டி என்றால் டீசல், ஏ என்றால் மாற்று மின்னோட்டம். அதற்கடுத்தது செய்யும் வேலை: பி பயணிகள் வண்டி, ஜி சரக்கு வண்டி, எம் இரண்டும், எஸ் ஷண்டிங். எழுத்து அழிந்து போயிருந்தாலும் இந்த மூன்று கேள்விகளையும் என்ஜினிடமே கேட்டுப் பதில் வாங்கலாம். உங்கள் மகள் முதல் கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டாள். பெரியவர்கள் பலர் முகத்தைத்தான் பார்ப்பார்கள், தண்டவாளத்தைப் பார்க்க மாட்டார்கள்.

மூன்றாவது கேள்விக்கு எடை பதில் சொல்லும். ஒய்.டி.எம்.-4 சுமார் 72 டன். அதே பவர் பேக்கைச் சுமக்கும் டபிள்யூ.டி.எஸ்.-6 சுமார் 126 டன். யார்டில் நிற்கும் கனத்த சரக்குத் தொடரை அசையாத நிலையிலிருந்து இழுக்க வேண்டுமானால், சக்கரம் வழுக்காமல் தண்டவாளத்தைப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடிமானத்தை எடைதான் தரும். வேகம் அதற்குத் தேவையில்லை. மெல்லிய தண்டவாளங்களில் ஓட வேண்டிய மீட்டர் பாதை என்ஜினுக்கு இத்தனை கனத்தை ஏற்ற முடியாது. ஆகவே அடுத்த முறை அப்படி ஒரு குழப்பம் வந்தால், அடிச்சட்டத்தையும் போகியையும் பாருங்கள். ஒரே முகம் இருந்தாலும், காலைப் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

குன்னூர்ப் பயணி எழுதியது:

இரண்டாவது என்ஜினைப் பற்றி நான் சொல்கிறேன். அது எக்ஸ் வகை. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்து நிறுவனம் 1914 முதல் 1952 வரை பல தவணைகளாகக் கட்டி அனுப்பியது. எண்ணெயில் எரியும் நான்கு புதிய எக்ஸ் என்ஜின்களை 2011இலிருந்து சில ஆண்டுகளில் பொன்மலையிலேயே கட்டினார்கள். நூறாண்டுக்கு முந்தைய வடிவமைப்பை நம்முடைய பணிமனையில் புதிதாக வார்த்தும் கடைந்தும் எழுப்பினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

நான் முதன்முதலில் மேட்டுப்பாளையத்தில் இதைப் பார்த்தபோது உங்களைப் போலவே நான்கு சிலிண்டர்களைப் பார்த்துத் திகைத்தேன். கல்லாறு வரைக்கும் தரை ஏறக்குறையச் சமமாக இருப்பதால், கீழ்ச் சிலிண்டர்கள் இரண்டும் மட்டும் வேலை செய்து சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். கல்லாற்றைத் தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல்தண்டவாளம் தொடங்கிவிடும். ஏற்றம் சில இடங்களில் 12 அடிக்கு ஓரடி என்ற கணக்கை நெருங்கும். அங்கேதான் மேல்ச் சிலிண்டர்களுக்கு வேலை வருகிறது. கீழ்ச் சிலிண்டர்களில் ஒரு முறை வேலை செய்து அழுத்தம் குறைந்த நீராவி வெளியே போகாமல் மேல்ச் சிலிண்டர்களுக்கு ஏறி, பல்தண்டவாளத்தைக் கவ்வும் பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஒரே நீராவி இரண்டு முறை உழைக்கிறது.

இன்னும் ஓர் அடையாளம் உண்டு, ஆனால் அது என்ஜின் ஓடும்போதுதான் தெரியும். மேல்ச் சிலிண்டர்களின் விசை இடையே இன்னொரு பற்சக்கரம் வழியாகப் பல்தண்டவாளத்தைக் கவ்வும் பற்சக்கரத்துக்குப் போவதால், மேலே இருக்கும் தண்டுகள் கீழே இருக்கும் தண்டுகளுக்கு எதிர்த்திசையில் சுழலும். மலையேறும்போது என்ஜின் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும். ஆகவே கடைசிப் பெட்டியில் என்ஜினுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, வளைவில் எட்டிப் பார்த்தால் அந்தக் காட்சி கிடைக்கும். நான் அதை ஹில்குரோவ் அருகே ஒரு வளைவில் பார்த்தேன். அதன்பிறகு பக்கத்து ஜன்னலின் பள்ளத்தாக்கு என் கண்ணில் படவே இல்லை.

வியாசர்பாடி மின்தடம் எழுதியது:

டீசலும் நீராவியும் பற்றி எழுதிவிட்டீர்கள். மின்சார என்ஜின்களில் எனக்கு நேர்ந்த குழப்பத்தையும் சேர்த்துவிடுகிறேன். ஒரு மின்சார லோகோ ஷெட்டை மாணவர்களுக்குக் காட்டிய நாளில், முழு உடம்பிலும் விளம்பரம் ஒட்டப்பட்ட ஓர் என்ஜின் நின்றது. டபிள்யூ.ஏ.பி.-7க்கும் டபிள்யூ.ஏ.ஜி.-9க்கும் ஏறக்குறைய ஒரே உடம்புதான். 1990களில் ஏ.பி.பி. நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு வந்த சரக்கு என்ஜினின் பற்சக்கர விகிதத்தை மாற்றித்தான் பயணிகள் என்ஜினை உருவாக்கினார்கள். முன்னதன் வேகம் 100 கிலோமீட்டர், பின்னதன் வேகம் 140. வெள்ளையா பச்சையா என்று நிறத்தை வைத்தே இரண்டையும் பிரித்துப் பழகியிருந்த எனக்கு, விளம்பரத்துக்கு முன்னால் சொல்ல எதுவும் இல்லை. ஓட்டுநர் அறைக்குக் கீழே எண்ணைப் படித்த பிறகுதான் தெளிந்தது. 30 என்று தொடங்கியது, ஆகவே டபிள்யூ.ஏ.பி.-7. 31 என்று தொடங்கியிருந்தால் சரக்கு என்ஜின். பெட்டிகளுக்கு விளக்கு, குளிர்சாதனத்துக்கான மின்சாரத்தை என்ஜினிலிருந்தே எடுத்துக் கொடுக்கும் தடித்த கேபிள் இணைப்பு முகப்பில் இருந்ததையும் பிறகு கவனித்தேன். அதை முதலிலேயே பார்த்திருந்தால் எண்ணைத் தேட வேண்டியதே இல்லை.

காவிரிப்பாதை எழுதியது:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. கொல்லன் ஐயா சொன்னதைப் படித்துவிட்டு, அன்று எடுத்த புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடிச்சட்டம் எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பது இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. மகள் தன் குறிப்பேட்டில் ஒய்.டி.எம்.-4 என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பக்கத்தில் டபிள்யூ.டி.எஸ்.-6 என்று எழுதி, அதன் கீழே 72 என்றும் 126 என்றும் இரண்டு எண்களைக் குறித்து வைத்திருக்கிறாள். முழு எண் தெரியாததுதான் அவளுக்குக் குறை.

பொன்மலைக் கொல்லன் எழுதியது:

தம்பி, அடுத்த பூஜைக்கு வரும்போது அந்தக் கூடத்தில் நிற்கும் பிள்ளைகளிடம் மாலையைச் சற்று விலக்கிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். எண்ணைப் படித்த பிறகு மாலையை உங்கள் மகள் கையாலேயே திரும்பவும் சரியாகப் போட்டுவிடச் சொல்லுங்கள்.