மலையிறங்கும்போது மட்டும் வரும் முழங்கால் வலி: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

கிளாஸ்கோவில் முதுகலை படிக்கும் நான், மூன்று வாரங்களுக்கு முன் வகுப்புத் தோழர்களுடன் 1,345 மீட்டர் உயரமுள்ள பென் நெவிஸ் மலையில் ஏறினேன். கடல் மட்டத்தை ஒட்டிய கிளென் நெவிஸ் பள்ளத்தாக்கிலிருந்தே நடை தொடங்குவதால் ஏறக்குறைய முழு உயரத்தையும் காலால்தான் கடக்க வேண்டும். ஆயினும் ஏறும்போது எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. இறங்கத் தொடங்கிய அரை மணி நேரத்தில், வலது முழங்காலின் வெளிப்பக்கத்தில் ஊசி குத்துவது போன்ற வலி எழுந்தது. கற்படிகளில் காலை மடக்கி எடை வைக்கும் ஒவ்வொரு முறையும் அது கூடியதால், கடைசி இரண்டு மணி நேரம் சிறு குழந்தை மாடிப்படி இறங்குவதுபோல் ஒரே காலை முன்வைத்து இறங்கினேன்.

வீக்கம் இல்லை, மூட்டு இறுகிக்கொள்ளவும் இல்லை. சமதளத்தில் வலியின்றி நடக்கிறேன். ஆனால் விடுதியின் நான்காம் மாடியிலிருந்து இறங்கினால், இரண்டாம் மாடியை அடைவதற்குள் வலி திரும்பிவிடுகிறது. பத்து நாள் ஓய்வு, பனிக்கட்டி ஒத்தடம், முழங்கால் உறை ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டேன். பழியைப் புதுக் காலணியின்மேல் போட்டுப் பழையதற்கு மாறியும் பயனில்லை. இயன்முறை மருத்துவரைச் சந்திக்க இன்னும் ஐந்து வாரங்கள் காத்திருக்க வேண்டும்.

இதே வலியிலிருந்து மீண்டவர்கள், அதை மேலும் கூட்டாமல் தொடையையும் இடுப்பையும் வலுப்படுத்த முதலில் எந்தப் பயிற்சியைத் தொடங்கினீர்கள்?