பி.ஏ. தமிழ் படித்த கடற்கரைக்காரர்களே, இன்னும் மறக்காத ஒரு வகுப்பு எது?

மண்டபத்துப் பொண்ணு:

இரண்டாம் வருடம், நற்றிணை 45. தமிழ் படித்தவர்களுக்குத் தெரிந்த பாட்டுதான். தேரில் வருகிற பெரிய இடத்துப் பையன் பரதவர் பெண்ணின் பின்னால் வருவான், தோழி அவனை விரட்டுவாள். எங்கள் வகுப்பில் கடற்கரைப் பிள்ளைகள் மூன்று பேர். கடல்பாசி எடுக்கிற வீடு என்னுடையது மட்டும். அன்று காலையில் அம்மாவோடு பாசியைக் காயப்போட்டுவிட்டு, நன்றாகக் குளித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். சோப்பு இரண்டு தரம் போட்டது கூட ஞாபகம் இருக்கிறது.

ஐயா 'புலவு நாறுதும், செலநின்றீமோ' என்று வாசித்தார். எங்கள் மேல் மீன் நாற்றம் அடிக்கிறது, தள்ளி நில்லுங்கள் என்று பொருளும் சொன்னார். பின் பெஞ்சில் ஒருவன் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். வகுப்பே சிரித்தது. ஐயா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மணி அடித்துவிட்டது.

ஆனால் பாட்டு அங்கே முடியவில்லை. இன்னும் மூன்று வரி இருக்கிறது. கடல் விளைச்சலில் நடக்கிற எங்கள் சின்ன, நல்ல வாழ்க்கை உங்களுடையதற்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டு, 'எம்மனோரில் செம்மலும் உடைத்தே' என்று முடிப்பாள். எங்களுக்குள்ளேயே தலைமையான ஆட்கள் உண்டு, நீ போ என்கிறாள். முந்தின நாள் ராத்திரியே உரையோடு படித்து வைத்திருந்தேன். எழுந்து வாசித்திருக்கலாம். இப்போது பாசி மூட்டையைப் பார்த்தாலே அந்த வரி வாயில் வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

பாம்பன் தம்பி:

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். மணி அடித்தால் ஐயா என்ன செய்வார்? சிரிப்பு யாருக்கும் வரும். அவரை வில்லன் ஆக்காதீர்கள்.

என் கதை சின்னது. இன்டர்னல் தேர்வில் 'கொண்டல்' பொருள் தருக என்று ஒரு கேள்வி. கீழ்க்காற்று என்று எழுதினேன். சிவப்பு மையில் அடித்து 'மேகம்' என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டில் கச்சான் என்றால் மேல்காற்று, கொண்டல் என்றால் கீழ்க்காற்று. அகராதியைப் புரட்டினால் இரண்டு பொருளும் இருக்கிறது. தாளைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டேன். 'நோட்ஸில் என்ன இருக்கிறதோ அதை எழுது' என்றார்கள். வீட்டில் வந்து அப்பாவிடம் சொன்னேன். வலையைப் பொத்திக்கொண்டே, நிமிர்ந்து கூடப் பார்க்காமல், 'மேகமா? அதுக்கு எப்படிடா பாய் விரிப்பான்?' என்றார். அரை மார்க்தான் போனது. ஆனால் அன்றிலிருந்து நோட்ஸை நான் நம்பவில்லை.

பரமக்குடியான்:

நான் கடற்கரைக்காரன் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். மூன்றாம் வருடம் அழகன்குளம் கூட்டிப்போனார்கள். 1986-87லிருந்து தொல்லியல் துறை தோண்டிய ஊர், ரோமானியக் காசெல்லாம் கிடைத்த இடம். நான் பார்த்தது சீமைக்கருவேலமும் நாலு ஆடும். காலடியில் ஒரு ஓட்டுச் சில்லு கிடந்தது. எடுத்துப் பார்த்தேன், பாட்டி வீட்டுச் சட்டி மாதிரிதான் இருந்தது. போட்டுவிட்டேன். அது போன வாரம் உடைந்ததா, யவனர் காலத்ததா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

சரி, அதை விடுங்கள். இப்போது பி.ஏ. தமிழ் சேரப்போகிற பிள்ளைகள் இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். டிகிரியோடு நிற்காதீர்கள். உடனே பி.எட். முடியுங்கள், அப்புறம் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள். கல்லூரி வேலைதான் வேண்டும் என்றால் எம்.ஏ.வுக்குப் பிறகு நெட் அல்லது செட் என்கிற தகுதித் தேர்வு, சங்க இலக்கியத்தை உரையோடு படித்தவன் அதில் தோற்கமாட்டான். அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் நான்கில் தமிழுக்கு மட்டும் நூறு கேள்வி, நூற்றைம்பது மார்க். நம் ஆட்களுக்கு அது அல்வா, ஆனால் கணக்கில் கோட்டை விடுவார்கள். தினமும் ஒரு மணி நேரம் கணக்குப் போடுங்கள். நற்றிணையைப் பஸ்ஸில் படித்துக்கொள்ளலாம்.

தொண்டிக்காரன்:

சார், டெட் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லையே.

எங்கள் ஐயா அகநானூறு 70ஐ நடத்த எங்களைத் தனுஷ்கோடிக்கே கூட்டிப்போனார். அப்போது கடைசி வரை தார்ச்சாலை கிடையாது, மணலில் வேன்தான், ஆளுக்கு ஒரு பக்கம் முட்டிக்கொண்டு போய் இறங்கினோம். 'வென்வேல் கவுரியர் தொன்முது கோடி', பாண்டியரின் பழைய கோடி, இதுதானப்பா என்று மணலைக் காட்டினார். ராமன் மந்திராலோசனைக்காக ஆலமரத்துப் பறவைகளின் சத்தத்தை அடக்கினானே, அதுபோல ஊர்வாய் அடங்கிற்று என்கிற பாட்டு. அலைச் சத்தத்தில் எங்களுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர் தொண்டை நரம்பு புடைக்க 'ஒலி அவிந்தன்று, ஒலி அவிந்தன்று', சத்தம் அடங்கிவிட்டது என்று கத்திக்கொண்டிருந்தார். வேட்டி முகத்தில் அடிக்கிறது, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கடலைக் காட்டுகிறார். ஆலமரம் எங்கே ஐயா என்று ஒருத்தன் கேட்டான். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

மண்டபத்துப் பொண்ணு:

பாம்பன் தம்பி, மணி அடித்ததை நான் குறை சொல்லவில்லை. மறுநாள் ஐயா வந்து புத்தகத்தைத் திறந்து, 'நேற்று எதில் விட்டோம்?' என்று கேட்டார். கைக்குட்டைக்காரன்தான் முதலில் பதில் சொன்னான்.

'அந்தப் பாட்டு முடிஞ்சிருச்சு ஐயா.'

ஐயா பக்கத்தைத் திருப்பினார்.